மாப்பிள்ளைதான் ஹாட்ஸ்பாட்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு கல்யாணம். திறந்தவெளி மேடை. கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் ட்ரோன்காரர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பட்டு வேட்டியில் நின்றிருந்தவரிடம், பெண்ணின் சித்தப்பாவிடம், சொன்னார்:

“மாப்பிள்ளைய மேடைக்கு அனுப்பிடாதீங்கண்ணா. அவருதான் ஹாட்ஸ்பாட்.”

“முகூர்த்தம் போவுதுபா. தாலி கட்டறப்போ மேலருந்து பூ கொட்டும்னு எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்.”

“அப்டேட் முடியாம ட்ரோன் ஏறமாட்டேங்குது. என் போன்ல நெட் சுத்திக்கினே இருக்குது. அவரு போன்லதான் கொஞ்சமாச்சும் வருது.”

“போனை மட்டும் வாங்கிக்கோயேன்.”

“கேட்டேண்ணா. பொண்ணே கேட்டாலும் குடுக்கமாட்டாராம்.”

சித்தப்பா போய்ப் பேசிவிட்டு வந்தார்.

“ஐயர் தாலித் தட்டுல வெச்சிக்கிறாராம். மாப்பிள்ளை கண்ணு முன்னாடியே இருக்கும்.”

கொஞ்ச நேரத்தில் ஆசீர்வாதத்துக்காகத் தட்டு வரிசை வரிசையாக வந்தது. தேங்காய், தாலி, பக்கத்தில் போன். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும்தான்.

“இங்கயே கொஞ்சம் நில்லுங்கம்மா, இப்பதான் வேகமா ஏறுது” என்றார் ட்ரோன்காரர், தட்டு ஏந்தி வந்த அம்மாவிடம். அந்த அம்மா நிற்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. சித்தப்பா ஓடி வந்தார்.

“ஆச்சாபா?”

“ஆயிடுச்சுண்ணா. ஆஃபாகி ஆன் ஆவுது.”

“மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டுட்டாருபா!”

“மீதி ரெண்டும் நாத்தனார் போடறதுதானே? கொஞ்சம் மெதுவா போடச் சொல்லுங்க.”