கன்னத்துச் சிவப்பு

நீர்வண்ணத்தில் அவசரம் ஆகாது, ஐயா. முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததை வைத்தால் சேறாகிவிடும். முப்பது வருடமாக ரோமில் இதுதான் என் பிழைப்பு. மலைக் கிராமத்துப் பெண்களை அவர்கள் உடுப்பிலேயே உட்கார வைத்து வரைவேன். வெளிநாட்டார் வாங்கிப் போவார்கள்.

பெர்பெத்துவா அப்படி வந்தவள்தான். தலையில் மடித்துப் போட்ட வெள்ளைத் துணி, சிவப்புக் கச்சு, பவளமாலை. உடுப்பில் குறையே இல்லை. முகம்தான் வெளிறிக் கிடந்தது. அவள் படங்கள் விலைபோகவில்லை.

ஜூலையில் சதுப்பு நிலத்து அறுவடைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பினாள். கன்னம் இரண்டும் பழுத்திருந்தன. கண்ணில் தனிப் பளபளப்பு. அன்று வரைந்ததை ஈரம் காயும் முன்பே ஒரு சீமாட்டி எடுத்துக்கொண்டாள்.

"மலைக்காத்துல வளர்ந்த உடம்பு, பாருங்களேன்" என்றாள்.

மீண்டும் வயல் வேலைக்குப் புறப்பட்ட அவள் புருஷன் நாத்சரேனோ, காய்ச்சலுக்கான கொயினாத் தூள் பொட்டலங்களை என்னிடம் தந்தான்.

"இவ மறந்துடுவாய்யா. தினம் நீங்களே குடுத்துடுங்க."

மூன்று நாள் கொடுத்தேன். காய்ச்சல் தணிந்து முகம் பழையபடி வெளிறியது. நான்காம் நாள் முதல் கோதுமை மாவைப் பொட்டலம் கட்டி வைத்து, அதைத் திராட்சை மதுவில் கலந்து கொடுத்தேன்.

"என்னங்கய்யா, இப்பல்லாம் கசக்கவே இல்லையே?"

"உசத்தி மருந்தும்மா."

"அப்பாடா. அந்தக் கசப்புக்கே செத்துடலாம்னு இருந்துச்சு."

அதன்பின் நான் பட்ட பாட்டை யாரும் கேட்பதில்லை. அறை முழுக்கப் புளித்த வியர்வை நாற்றம். இரண்டு முறை கச்சின்மேல் பித்தமாக வாந்தி எடுத்தாள். என் கையாலேயே கழுவி, பின்னல் வேலை சிதையாமல் நிழலில் உலர்த்தினேன். குளிர் நடுக்கம் வந்தால் தோள்களை நாற்காலியோடு கட்டி, முடிச்சைத் தலைத்துணிக்குள் மறைப்பேன். உதட்டில் உட்காரும் ஈக்களையும் நானே ஓட்டினேன்.

செப்டம்பரில் ஒரு மதியம் தலை சாய்ந்தது. கன்னத்தில் நிறம் இறங்கத் தொடங்கியதால் அதை முதலில் முடித்தேன். கைகளை நிதானமாக வரைந்தேன். மாலையில்தான் பாதிரியாருக்குச் சொல்லியனுப்பினேன்.

நாத்சரேனோ வந்தான். மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் வைத்தான்.

"இது மாவு. கொயினா எங்க?"

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் குடித்த மூன்றைத் தவிர ஒரு பொட்டலம்கூடக் குறையவில்லை. நான் திருடன் இல்லை.

அவளைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் படங்களை ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள், ஐயா. என்னிடம் இருந்தவரை அவள் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாள் என்பது உங்களுக்கே தெரியும்.