பூமிக்குள் இருக்கும் பவுடர்

சின்னாளபட்டி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்.

"பூமிக்குள்ளயும் மூஞ்சிப் பவுடரு இருக்காம்க்கா."

"யாருடி சொன்னா?" என்றாள் மற்றவள்.

"எம்மகதான். காலேஜ்ல பாறையப் பத்திப் படிக்கிறால்ல. நேத்து மாடியில எங்க பீரோவ வடக்கப் பாத்துத் திருப்புனோம். தரையெல்லாம் மணலு. தள்ளத் தள்ள அசையல. பெறகு டமார்னு எகிறிருச்சு. கீழ இருக்க வீட்டுக்காரரு பூகம்பம்னு தெருவுக்கு ஓடிட்டாரு."

"அடியாத்தி."

"பூகம்பமும் இப்படித்தானாம். சொரசொரப்பான பாறை பிடிச்சுக்கிட்டே நின்னு பட்டுனு வழுக்குமாம். பவுடரு செய்யிற மாவுக்கல்லு இருக்க எடத்துல சத்தமில்லாம மெதுவா நகருமாம். பெறகு ஒரு டப்பா பவுடரக் கொட்டி பீரோவத் தள்ளுனோம். பூன மாதிரிப் போச்சு."

"வீட்டுக்காரரு சும்மாவா விட்டாரு?"

"காலி பண்ணச் சொல்லணும்னு வேகமா ஏறி வந்தாரு. உள்ள ஒரு கால வச்சாரு. அடுப்படி வரைக்கும் போயிட்டாரு. சத்தமே இல்ல."

"பெறகு?"

"மொதல்ல தரையத் தொடைங்க, அப்புறம் வந்து பேசிக்கிறேன்னு செவுத்தப் பிடிச்சுக்கிட்டே எறங்கிப் போனாரு."

"தொடச்சியா?"

"தொடச்சா பேச வந்துருவாருல்லக்கா."