கேமராவுக்கு வைத்த பொட்டு

இன்று காலை விராலிமலைப் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் கையில் புதுக் கேமரா. மனைவியை ஒரு படம் எடுத்துவிட்டு அதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ளங்கை அளவுக்கு அம்புட்டு வெல. எதை எடுத்தாலும் நடுவுல செவப்பா மங்கலா விழுகுது. காதுகுத்துக்கு நானே எடுக்குறேன், போட்டோக்காரர் வேணாம்னு தங்கச்சிகிட்ட வேற சொல்லிப்புட்டேன்.”

“சாமி கும்பிட்டு, சந்தனம் குங்குமமெல்லாம் வச்சுத்தானங்க குடுத்தேன்.”

“எங்க வச்ச?”

“முன்னால வட்டமா நெத்தி மாதிரி இருந்துச்சுல்ல, அங்கதான்.”

அவர் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். லென்ஸை வேட்டி நுனியால் பொறுமையாகத் துடைத்தார். மனைவியை மறுபடி ஒரு படம் எடுத்துக் காட்டினார். படம் பளிச்சென்று இருந்தது. அந்த அம்மாள் அதை வெகுநேரம் பார்த்தார்.

“மொதல்ல எடுத்ததுலதாங்க நான் நல்லாருந்தேன். குங்குமம் பைக்குள்ளதான் இருக்கு, வைக்கவா?”