சிறுபுள்ளி காத்த பெருந்தகைக்கு

ஒன்பது மாடி நூல் நிறுவனத்தின் நான்காம் மாடியில், முப்பத்தோர் ஆண்டுகள் முகம் காட்டாது முத்திரை பதித்த மூத்த மெய்ப்புத் திருத்துநர் அவர்களே! எழுத்தை எண்ணி, ஒற்றெழுத்தை ஒழுங்குசெய்து, பிறர் பெயரில் பிறக்கும் நூல்களைப் பிழையின்றிப் பெற்றெடுத்த பெருந்தகையீர்! வயது பாராது எங்கள் எல்லார்க்கும் அக்காவாக வாய்த்தவரே!

பணி நிறைவு பெறும் இந்நாளில் புகழுரையைச் சுருக்கி, நடந்ததை நடந்தவாறே நவில விழைகிறோம். மிகையைக் கண்டால் உங்கள் கை அடித்துவிடும் என்ற அச்சமும் அதற்கொரு காரணம்.

பெரிய பதிப்பு நிறுவனத்தில் பணியாற்றுவதன் நன்மை தீமைகளை நாம் அனைவரும் அறிவோம். ஈங்கு மாதம் பிறந்தால் ஊதியம் தவறாது; குடும்பத்துக்கு மருத்துவக் காப்பு உண்டு; அச்சேறிய நூல் அடுத்த வாரமே நூறு ஊர்க் கடைகளில் நிற்கும். ஈங்கேதான் ஒரு காற்புள்ளியை மாற்ற மூன்று கையெழுத்து வேண்டும்; படியாதார் கூடி, படித்தார் பரிந்துரைத்த நூலைத் தள்ளிவைப்பர்; உழைத்தவர் பெயர் உள்பக்கத்திலும் இராது. நீங்கள் திருத்திய நூல்கள் ஆயிரத்தைத் தாண்டும். உங்கள் பெயரைத் தாங்கியது அவற்றுள் ஒன்றுமில்லை.

இவ்விரு முகங்களையும் ஒரே வாரத்தில் எங்களுக்குக் காட்டிய நிகழ்ச்சி, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது.

இளந்தாய்மாருக்கான குழந்தை வளர்ப்புக் கையேடு ஒன்று முப்பத்தெட்டாயிரம் படிகள் அச்சாகி, திங்கட்கிழமை கிடங்கிலிருந்து புறப்படத் தொடங்கியது. அச்சாகி வந்த நூலை அட்டை பார்த்து அடுக்கி வைப்பது அலுவலக வழக்கம். நீங்களோ மதிய உணவு வேளையில் அதைப் படிப்பீர்கள். செவ்வாயன்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் உங்கள் கை நின்றது. காய்ச்சல் மருந்தின் அளவு 2.5 மில்லி என்றிருக்க வேண்டிய இடத்தில் 25 என்றிருந்தது. நீங்கள் ஒப்பமிட்ட மெய்ப்பில் புள்ளி இருந்தது. அதன் பிறகு பக்க வடிவமைப்பில் எழுத்துருவை மாற்றியபோது அது உதிர்ந்திருந்தது.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, ஏழாம் மாடிக்குப் போனீர்கள். பிரிவுத் தலைவர் பக்கத்தைப் பார்த்தார்.

"புத்தகம் வெளிய போயிடுச்சும்மா. வியாழக்கிழமை மீட்டிங்ல வச்சுப் பேசுவோம். அடுத்த பதிப்புல திருத்திடலாம்."

"வியாழக்கிழமை வரைக்கும் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் வராதுன்னு யாரு சார் கையெழுத்துப் போடுவாங்க?" என்றீர்கள்.

விடைக்கு நீங்கள் காத்திருக்கவில்லை. நேரே கீழ்த்தளம் இறங்கிக் கிடங்குக் காப்பாளர் முன் நின்றீர்கள். வண்டிகளில் நூல்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்தச் சொல்றது யாரு உத்தரவுன்னு ரிஜிஸ்டர்ல எழுதணுங்க," என்றார் அவர்.

"மெய்ப்புத் திருத்துறவங்கன்னு எழுதிக்கோங்க."

"அப்படியொரு அதிகாரம் இருக்கா மேடம்?"

"இல்ல. எழுதிக்கோங்க."

அவர் அப்படியே எழுதினார். ஏற்றிய வண்டிகள் நின்றன. ஏற்கெனவே போனவற்றுக்காக, கிடங்குத் தொலைபேசியில் மாலைவரை நீங்களே ஊர் ஊராக விற்பனை நிலையங்களை அழைத்தீர்கள். பாதிப் பேர் நீங்கள் யாரென்றே கேட்டார்கள்.

மறுநாட்காலை அந்தப் பதிவேடு மேலாண்மை இயக்குநர் மேசைக்குப் போயிற்று. அவர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தார். படித்த மாத்திரத்தில், எல்லாப் படிகளையும் திரும்பப் பெறும் உத்தரவில் கையெழுத்திட்டார். அதன்பின் இதே பெருநிறுவனம் தன் பெருமையையும் காட்டியது. நாற்பத்தாறு கிளைகளும் ஒரே நேரத்தில் இயங்கின. நாளேடுகளில் எச்சரிக்கை வந்தது. ஒன்பது நாளில் அறுபத்தொன்று நீங்கலாக எல்லாப் படிகளும் திரும்பின. அந்த அறுபத்தொன்றில் நாற்பது படிகளை வாங்கியோர் வீட்டுக்கே ஆள் போயிற்று. இருபத்தொன்று எங்கேயென்று இன்றும் தெரியாது. சிறு பதிப்பகமாயின், இவ்வளவையும் திரும்பப் பெற ஆளும் இராது, இழப்பைத் தாங்கத் தோளும் இராது. எந்தக் குழந்தைக்கும் தீங்கு நேர்ந்ததாகச் செய்தி வரவில்லை. நேராது போன தீங்குக்குச் சான்றிதழ் தருவாரும் இல்லை.

உங்களுக்கு வந்தது விளக்கம் கேட்கும் கடிதம். அதிகார வரம்பை ஏன் மீறினீர் என்று கேட்டிருந்தார்கள். "மீறினேன். காரணம், பக்கம் 112" என்று எழுதிக் கொடுத்தீர்கள். அடுத்த ஆண்டு தலைமைத் திருத்துநர் பதவி உங்களினும் எட்டாண்டு இளையவருக்குப் போயிற்று. பெரும்புள்ளிகள் நிறைந்த கட்டடத்தில் சிறுபுள்ளியைக் காத்தவர் என்பதால், 'புள்ளியக்கா' என்னும் பட்டத்தை மட்டும் நாங்கள் தந்தோம்.

அவ்வாண்டே அடுத்த தெருவின் சிறு பதிப்பகம் ஆசிரியர் பொறுப்பும் நூல்தோறும் உங்கள் பெயரும் தருவதாக அழைத்தது. போகவில்லை. ஏனென்று உணவறையில் ஒருவர் கேட்டபோது, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னீர்கள்:

"வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். இங்க இருக்கற இன்சூரன்ஸ் அங்க இல்ல. என் பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்லதான். ஆனா அவரு இருக்காரு. ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்."

அந்தச் சொல்லில் புலம்பல் இல்லை, பெருமிதமும் இல்லை. நன்மை தீமைகளை அதனினும் சுருக்கமாக உரைத்தவரை நாங்கள் அறியோம்.

இன்னும் ஒன்று உண்டு. அதைச் சொல்ல 'நாங்கள்' என்ற சொல்லை விட்டு விலகுகிறேன். எழுத்துருவை மாற்றியவர் யாரென்பது உங்களிடமிருந்த மெய்ப்புக் கோப்பில் இருந்தது. விசாரணையில் உங்களைக் கேட்டபோது, "தப்பைத் திருத்தியாச்சு சார். ஆளைத் தேடுறது என் வேலை இல்ல" என்றீர்கள். அந்த ஆள் நான். மாற்றிய பக்கத்தை மறுபடி பாராமல் அனுப்பியவன். பதினான்கு ஆண்டுகளாக உங்கள் எதிர்மேசையில் அமர்ந்து, வணக்கம் சொல்லி, வாய் திறவாது இருந்தவன். இம்மடலை எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். இது சட்டமிடப்பட்டு உங்கள் வீட்டுச் சுவரில் நிற்கும் என்பதையும், வருவோர் போவோர் படிப்பர் என்பதையும் அறிந்தே எழுதுகிறேன். மன்னிப்பைக் கேட்கவில்லை, அதை நீங்கள் என்றோ தந்துவிட்டீர்கள். நன்றியை மட்டும் தாமதமாகத் தருகிறேன்.

அக்கா, இனி உங்கள் காலைகள் கடிகாரத்துக்குக் கடன்படாதிருக்கட்டும். கண்ணொளி குன்றாது, உடல்நலம் குலையாது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் துணைவரோடு பல்லாண்டு நிறைவுற வாழ்க.

அன்பும் மதிப்பும் மாறாத,
நான்காம் மாடிப் பணியாளர்கள்;
அவர்களுள் ஒருவனாக, பக்க வடிவமைப்பாளன்