'இல்லை' சொல்லும் மூட்டு

— டேய், தோளைத் திருப்பாத. கழுத்தை மட்டும் திருப்பு.

— திருப்பிட்டேன் அக்கா.

— எங்க திருப்பின? மூக்கு இன்னும் சுவரைத்தான் பார்க்குது.

— பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இடப்பக்கமும் வலப்பக்கமும் செல்ல வேண்டிய தலை, தவிர்க்க முடியாத காரணங்களால் ரத்து செய்யப்படுகிறது.

— தாடைக் கட்டை இப்பதான் அவிழ்த்தாங்க, அதுக்குள்ள பஸ் ஸ்டாண்ட் மைக்கை ஆன் பண்ணிட்டியா? ஒரு வாரம் காது குளிர்ந்து கிடந்துச்சு.

— உனக்குக் குளிர்ச்சி. எனக்குள்ள ஒரு வாரத்து பஸ் மொத்தமும் ஹாரன் அடிச்சுட்டு நிக்குது.

— கொட்டாவி விட்டு எவனாவது தாடையைக் கழட்டிக்குவானா? அதுவும் மைக் ஆன்ல இருக்கும்போது!

— ஊரே கேட்டுச்சு, நீ வேற எதுக்குச் சொல்ற? தாடை மூட்டு ஏன்தான் இப்படி வழுக்குதோ.

— அது கதவு கீல் மாதிரி திறக்கவும் செய்யும், டிராயர் மாதிரி முன்னாடி நகரவும் செய்யும். நீ விட்ட கொட்டாவியில டிராயரே வெளியே வந்துடுச்சு. முழங்கை எவ்வளவு சமர்த்து பாரு. நீட்டும், மடக்கும், அதோட சரி. எதிர் சுவர்ல எலும்புக்கூடு படம் மாட்டியிருக்கேன்ல, அதுல தோளைப் பாரு. கிண்ணத்துல வச்ச பந்து. சுத்துறதுக்குத் தடையே இல்ல.

— இந்தக் கட்டைவிரல் அடியில இருக்கிறது?

— அது குதிரைச் சேணம் மாதிரி. முன்ன பின்ன போகலாம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயலாம், பம்பரமா சுத்த முடியாது. மணிக்கட்டுல குட்டிக் குட்டி எலும்புங்க ஒண்ணை ஒண்ணு உரசி நகரும், நெரிசல்ல வழிவிடுற பயணிங்க மாதிரி. மண்டை ஓட்டுல இருக்கிற மூட்டு மட்டும் அசையவே அசையாது. உன் புத்தி அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கு.

— உன் பிசியோதெரபி பாடம் போதும் அக்கா. எனக்கு 'இல்ல' சொல்ற மூட்டு மட்டும் வேணும். அவ வர்றதுக்குள்ள.

— எவ?

— முதல்ல மூட்டு.

— கழுத்து உச்சியில ரெண்டு மூட்டு. மண்டை போய் முதல் எலும்பு மேல உக்கார்ற இடம் ஒண்ணு. அதுல தலை மேலயும் கீழயும் ஆடும். அதுதான் உன் 'ஆமா'. முதல் எலும்பு ஒரு வளையம், ரெண்டாவதுல ஒரு முளை. முளையைச் சுத்தி வளையம் திரும்புச்சுன்னா 'இல்ல'.

— என் 'ஆமா' ஒழுங்கா ஓடுது. 'இல்ல' டிப்போவை விட்டே கிளம்பல.

— தலையை அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா?

— பேசக் கூடாதுன்னுதான் சொன்னாரு. பக்கவாட்டுல ஆட்டினா தாடை மறுபடி கழண்டுடும்னு நானா முடிவு பண்ணிட்டேன். அதனால யார் என்ன கேட்டாலும் ஆமா.

— கடவுளே. யார் என்ன கேட்டாங்க?

— மேனேஜர் தன்னோட பழைய டிரெட்மில் மெஷினை எடுத்துக்கிறியான்னாரு. ஆமா. மாடி வீட்டுக்காரர் கிளியை வச்சுக்கிறியான்னாரு. ஆமா.

— காலையில போன்ல கத்தினது கிளியா? நீதான்னு நினைச்சு நான் ஆறுதல் சொன்னேனே!

— டிரைவருங்க நாடகத்துல மரமா நிக்கிறியான்னாங்க. ஆமா. கடைசியா அந்த டிக்கெட் கவுண்டர் பொண்ணு. சாப்பாட்டு நேரத்துல எதிர்ல வந்து உக்கார்ந்தா. நாம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டா.

— ஐயய்யோ! நீ?

— ஆமா.

— ஹாஹாஹா! டேய்... இருடா, வயிறு வலிக்குது...

— சிரிக்காத அக்கா, என் கழுத்து உன் கையில இருக்கு!

— சரி, சரி. உனக்கு அவளைப் பிடிக்குமா பிடிக்காதா?

— ரெண்டு வருஷமாப் பிடிக்கும்.

— அப்புறம் எந்த லூசு 'இல்ல' சொல்லும்?

— யோசிச்சுப் பாரு. ரெண்டு வருஷம் மூச்சு விடாம பேசினேன், ஒண்ணும் கேக்கல. ஒரு வாரம் வாயைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்தேன், கல்யாணத்துக்கே கேட்டுட்டா. அவளுக்குப் பிடிச்சது அந்தப் பேசாத ஆளை. அவன் இன்னைக்குக் காலையில கட்டோட போயிட்டான். நாளைக்கு நான் பேசப் பேச அவ முகம் சுருங்கறதை என்னால பார்க்க முடியாது அக்கா. இங்க வரச் சொல்லியிருக்கேன், 'இல்ல'ன்னு முடிச்சுடறேன்.

— அதை வாயால சொல்லித் தொலை.

— என் வாயைப் பத்தித் தெரியாதா? 'இல்ல'ன்னு கிளம்புவேன், நாலு ஊரைச் சுத்திட்டு 'ஆமா'ல போய் இறங்கிடுவேன். தலைதான் சுருக்கமா முடிக்கும்.

— பேசாம நிமிர்ந்து உக்காரு. தோளை அமுக்கிப் பிடிக்கிறேன். மறுபடி திருப்பு.

— அசையல.

— உள்ள வரலாமா?

— வாம்மா, வா. கவுண்டர்ல இருக்கிற பொண்ணு நீதானா?

— ஆமா. நீங்க அவரோட அக்காவா? சட்டுனு சொல்லிட்டுப் போயிடறேன், பின்னாடி வரிசை நிக்குது.

— இங்க யாரும் நிக்கலையேம்மா?

— பழக்க தோஷம் அக்கா. ஏங்க, யார் என்ன கேட்டாலும் 'ஆமா'ன்னு தலையாட்டினீங்களாம், மேனேஜர் எல்லாம் சொன்னாரு. மெஷின், கிளி, மரம். அந்த வரிசையில நானும் ஒருத்தின்னு தெரியாம அப்பாகிட்ட சொல்ல இருந்தேன். கேட்டதை வாபஸ் வாங்க வந்திருக்கேன்.

— இல்லங்க, அது வந்து... நீங்க பேசாத ஆளைத்தானே கேட்டீங்க?

— யார் சொன்னது?

— எனக்கே தோணுச்சு.

— அந்த ஒரு வாரம் எனக்குக் கவுண்டர்ல உக்காரவே பிடிக்கலைங்க. பஸ் நேரமெல்லாம் பலகையில ஓடுது, ஆனா அந்த இடமே செத்துப்போன மாதிரி இருந்துச்சு. உங்க குரல் இல்லாம அழுகையா வந்துச்சு. அப்பதான் எனக்கே புரிஞ்சது. புரிஞ்ச அன்னைக்கே கேட்டுட்டேன்.

— என்னோட... குரலா?

— பின்ன? அதுக்கு முன்னாடி கேக்கறதுக்கு நீங்க எங்க இடம் விட்டீங்க? உங்களைப் பேசாம இருக்கச் சொல்லி நான் கேக்கல. அதை நல்லா மனசுல வாங்கிக்கங்க.

— வாங்கிட்டேன்.

— இப்ப ஒரே ஒரு தடவை கேக்குறேன். என்னைப் பிடிக்கலைன்னா தலையைத் திருப்பி 'இல்ல'ன்னு காட்டிடுங்க. கோவிச்சுக்காம போயிடறேன்.

— என்னால கழுத்தைத் திருப்ப முடியாதுங்க. மூட்டு இறுகிப்போச்சு. வேணும்னா அக்காவைக் கேளுங்க.

— உண்மையாவா அக்கா?

— டேய், உன் ரெண்டு தோளையும் நான் அசைய விடாம அமுக்கிப் பிடிச்சிருக்கேன். சுவர் எதிர்ல இருக்கு, கதவு உனக்கு வலப்பக்கம் இருக்கு, அவ உள்ள வந்ததுல இருந்து நீ அவ முகத்தைத்தான் பார்த்துட்டு இருக்க.