கண்ணாடி அறையில் ஒரு துண்டு

துண்டு என்றால் அது ஈரிழைத் துண்டாக இருக்கவேண்டும் ஐயா. கடையில் பளபளவென்று அடுக்கி வைத்திருப்பதெல்லாம் முகம் துடைக்கக்கூட ஆகாது. நான் சென்னிமலையிலிருந்து கட்டாக வரவழைத்துவிடுவேன். ஒரு தடவை அலசிக் காயப்போட்டு, மடித்துத் தோளில் போட்டால் அன்று முழுக்க மனசு லேசாக இருக்கும். இன்றைக்கும் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

வாக்குமூலம் கொடுக்க வருகிறவர்கள் அழுத முகத்தோடு வருவார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சமைக்க ஆளில்லை. என் மனைவி முத்தாத்தாள் கோவையில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. அதைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறேன். இந்தக் கண்ணாடி அறையின் நேரலைக் கேமராவில் இத்தனை நாளாகப் படம் மட்டும்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டுக்கொண்டதற்காக இன்று சத்தத்தையும் சேர்த்து ஓடவிட்டிருக்கிறீர்கள். பெரிய உதவி. முத்தாத்தாள் அங்கே போனை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் காதில் இதெல்லாம் விழவேண்டும்.

நான் காளிச்சாமி. மேற்கு மண்டலத் தென்னை வாரியத்தின் துணைத் தலைவர். அதன் உயர் பதவிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவுக்குத் தலைவர். என் மேல் இரண்டு புகார். பொது மேலாளர் பதவிக்கான நேர்காணலில், லோகப்பிரியா என்கிற அதிகாரியின் கையைத் தகாத எண்ணத்தோடு பிடித்தேன் என்பது முதல் புகார். மாதர் சங்கத்தார் கொடுத்தது. அது முழுப் பொய். இரண்டாவது, லோகப்பிரியாவே எழுதிக் கொடுத்தது. அதற்கு மெதுவாக வருகிறேன்.

முதல் புகார் பொய் என்று காட்ட உங்களைக் கொஞ்சம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. நீங்கள் விசாரணைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர், பார்த்திருக்க மாட்டீர்கள். என் அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் தரகர். அங்கே நல்ல மாட்டுக்கு விலையை வாயால் சொல்லமாட்டார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் கையை நீட்டுவார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில் விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். படியாவிட்டால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் மானம் போகாது. இதைவிட மரியாதையான வியாபாரத்தை நான் எங்கேயும் கண்டதில்லை.

நான் வாரியத்துக்கு வந்தபோது பெரிய பதவிகளுக்கு ஆள் எடுத்த விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒருவர் காரில் வைத்துப் பேசுவார், ஒருவர் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் நின்று பேசுவார். பேசினதை மறுநாள் மாற்றிப் பேசுவார். நேர்மையே இல்லை. பதவிக்கு வருகிறவரும் தனக்குச் சம்பளம் எவ்வளவு வரும் என்பதைக் குறைத்துத்தான் சொல்வார். நான் எதை வைத்து விலை கேட்பது? பல சமயம் வாரியத்தின் பதவி அடிமாட்டு விலைக்குப் போயிருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் லோகப்பிரியா பொறுப்புப் பொது மேலாளராக வந்தார். தங்கமான பெண். நான்கு வருடம் அந்த நாற்காலியின் வேலை எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தார். நாற்காலி மட்டும் அவர் பேரில் இல்லை. வந்ததும் முதல் வேலையாக, உயர் அதிகாரிகள் அத்தனை பேரின் சம்பளத்தையும் படியையும் வாசல் போர்டில் ஒட்டினார். தன்னுடையதைத்தான் முதலில் ஒட்டினார். கொப்பரை மூட்டை இறக்க வந்தவர்கள்கூட நின்று படித்துவிட்டுப் போனார்கள். அதிகாரிகள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி யாரும் என்னிடம் சம்பளத்தை மறைக்க முடியாதல்லவா. ஒரு பதவிக்கு ஒரு வருடச் சம்பளம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். பேரம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. அந்த வகையில் லோகப்பிரியாவுக்கு நான் கடன்பட்டவன்.

அடுத்து, நேர்காணலும் வெளிப்படையாக நடக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. கண்ணாடி அறை என் யோசனைதான். நான்கு பக்கமும் கண்ணாடி, மூலையில் கேமரா, வாரியத்தின் இணையதளத்தில் நேரலை. கேள்விகள் அடுத்து வருகிறவர் காதில் விழுந்துவிடும் என்று சொல்லிச் சத்தத்தை மட்டும் நிறுத்திவைத்தேன். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கோவையில் ஒரு விழாவில் வெளிப்படைத்தன்மைக்காக எனக்குக் கேடயம் கொடுத்துப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையைப் பார்த்தபோதுதான் எனக்கு வழி புலப்பட்டது.

நேர்காணலுக்கு வருகிறவரை வரவேற்று ஒரு துண்டு கொடுப்பது என்று ஆரம்பித்தேன். நம் ஊர் மரியாதைக்குப் பேர் போன ஊர். அவர் கும்பிட்டபடி வருவார்; கும்பிட்ட கையின் மேல் துண்டைப் போர்த்தி, அவர் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். பக்கத்தில் குழுவின் வெளி உறுப்பினர் பேராசிரியர் வேங்கடசாமி இருப்பார். சூதுவாது தெரியாத மனிதர். நிதி அதிகாரி வேலைக்கு வந்தவரிடமும் அவர் தென்னையில் விழும் கூன்வண்டைப் பற்றித்தான் கேட்பார். பதிலையும் அவரே சொல்வார். அவர் வண்டை ஒழித்து முடிப்பதற்குள் எங்கள் பேச்சு முடிந்திருக்கும். நேரலையில் பார்த்தவர்கள், “இந்தக் காலத்தில் இப்படி ஒரு பண்பா” என்று எழுதினார்கள். துண்டுக்குள் பேசின பேச்சை ஒருவரும் மீறியதில்லை. ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற காரணத்தையும் போர்டில் ஒட்டவேண்டும் என்று விதி இருந்தது. அதை நானே உட்கார்ந்து ரசித்து எழுதுவேன். “எடுத்த காரியத்தில் உறுதி கண்கூடாகத் தெரிந்தது” என்று ஒருவருக்கு எழுதினேன். உண்மைதான். கடைசிவரை மூன்று விரலுக்கு மேல் ஏறவே இல்லை அவர்.

ஆக, இரண்டாவது புகாரைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவேண்டியதே இல்லை. ஆமாம், பதவிகளை விற்றேன்.

வாங்கியவர்கள் எல்லாம் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். சுரேந்தர் என்று ஒரு தலைமைப் பொறியாளர், என்னிடம் பேரமே பேசாதவர். கேட்டதும் சரி என்று விரலை மடக்கிவிட்டார். பாய்லர் பக்கம் போனால் அவருக்குத் தும்மல் வரும்; அதனால் சோதித்தாயிற்று என்று அறையிலிருந்தே கையெழுத்துப் போட்டுவிடுவார். நம் எண்ணெய் ஆலையில் பாய்லர் வெடித்தது அவர் காலத்தில்தான். ஆறுச்சாமி என்கிற தொழிலாளி போய்விட்டார். நான் முதல் ஆளாக மாலையோடு போனேன். அவர் மனைவி சுப்பாத்தாளுக்குக் கருணை வேலை கொடுக்கவேண்டும் என்று அங்கேயே நின்று சொன்னவனும் நான்தான். பெண்களிடம் நான் நேரடியாக விலை பேசுவதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், முக்கியம். சுப்பாத்தாளின் தம்பி கதிர்வேலிடம்தான் பேசினேன். துக்கம் விசாரிக்கக் கையைத் தொடுவது வழக்கம்தானே, துண்டு அப்படியே மேலே விழுந்தது. மூன்று என்று பிடித்தேன். பையன் கை நடுங்கியது. உடனே இரண்டாக்கிவிட்டேன். கை நடுங்கினால் எனக்கு மனசு கேட்காது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பாய்லருக்குத் தனி விசாரணை நடக்கிறது ஐயா. நாம் கையைப் பிடித்த விஷயத்துக்கு வருவோம்.

பொது மேலாளர் பதவியை நிரந்தரமாக நிரப்ப உத்தரவு வந்தது. ஏழு பேர் வந்தார்கள். லோகப்பிரியாவுக்குத்தான் கொடுப்பது என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். அவரைவிடத் தகுதியானவர் யாருமில்லை. தகுதி உள்ளவருக்கு நான் எப்போதும் குறைத்துத்தான் வாங்குவேன். மற்றவர்களிடம் முழுக் கையையும் இரண்டு தடவை பிடித்தேன். அவருக்கு நான்கே விரல் என்று வைத்திருந்தேன். சிக்கல் என்னவென்றால் அவர் யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை.

“ஏனுங்க அம்மணி, ஊட்டுக்காரர் வரலீங்களா?” என்று வாசலிலேயே கேட்டேன்.

“நேர்காணல் எனக்குத்தானுங்களே. அவரு எதுக்குங்க?”

“அண்ணன் தம்பி யாராச்சும் வந்திருக்காங்களா?”

“ஒருத்தருமில்லீங்க. நான் மட்டுந்தான் வந்திருக்கறேன்.”

வேறு வழியில்லாமல்தான், இந்தக் குழுவின் வரலாற்றிலேயே முதல் முறையாக, ஒரு பெண் கையின் மேல் துண்டைப் போட்டேன். மகளாக நினைத்துத்தான் போட்டேன். பேராசிரியர் வண்டை ஆரம்பித்தார். நான் நான்கு விரலைப் பிடித்தேன். அவர் கையை இழுக்கவில்லை. படிந்துவிட்டது என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் அத்தனை நிம்மதி. அப்போது இடது கையால் துண்டின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிவிட்டார்.

“எங்கப்பனும் சந்தைக்கு மாடு புடிச்சுக்கிட்டுப் போனவருதானுங்க,” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “நாலு விரலுன்னா எத்தனைங்க? சம்பளத்தை ஒட்டியிருக்கறமில்லைங்க, அதுக்குப் பக்கத்துல இதையும் ஒட்டிப்போடலாமுங்க.”

பேராசிரியர், “ஏனுங்க, வண்டு முட்டை வைக்கிறது எங்கேன்னு சொல்லவே இல்லீங்களே அம்மணி,” என்றார்.

இதில் ஒரு வார்த்தைகூட வெளியே கேட்கவில்லை. சத்தத்தை நிறுத்தி வைத்தவன் நான்தானே. ஊர் பார்த்தது என்ன? எழுபது வயசு ஆள் ஒருவன் ஒரு பெண்ணின் நான்கு விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறான். அந்தப் பெண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முறைக்கிறார். சாயங்காலத்துக்குள் வால்பாறை வரைக்கும் எல்லோர் போனிலும் அந்தப் படம் போய்விட்டது. நான் கடைவீதியில் நடந்தால் பெண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போனேன். முத்தாத்தாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தாறு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். துண்டு, நான்கு விரல், எல்லாம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

“காசு வாங்கறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? இந்த ஊடு எதுல வந்துச்சு, எங்கழுத்துல கெடக்கறது எதுல வந்துச்சு? நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பனுங்களா? லஞ்சம் வாங்கறவன் பொண்டாட்டின்னா நாலு பேரு நாற்காலி போட்டு உக்காரச் சொல்லுவாங்க. இப்ப என்னன்னு சொல்லுவாங்க?” என்று கேட்டுவிட்டு, “நான் போயிட்டு வாரேனுங்க,” என்றாள். கோவை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் அழுதேன் ஐயா. சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அதனால்தான் எந்தக் கட்டாயமும் இல்லாமல், வக்கீல்கூட வைத்துக்கொள்ளாமல் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். இரண்டாவது புகாருக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஜெயில் என்றால் ஜெயில். லோகப்பிரியாவுக்கு அந்தப் பதவி இப்போது ஒரு விரல்கூடச் செலவில்லாமல் கிடைத்துவிட்டது. நேற்று அவர் ஆணையையும் வாசல் போர்டில் பார்த்தேன். நல்லபடியாக இருக்கட்டும். ஆனால் இந்த முதல் புகார் மட்டும் என் பேரில் நிற்கக்கூடாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. என்னைப்போல ஒழுக்கமாக வாழ்ந்தவன் இந்த வாரியத்தில் யாரும் கிடையாது.

அதை நீக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது என்கிறார்கள். நீங்களும் பெரிய அதிகாரி. உங்கள் சம்பளத்தையும் உங்கள் துறையின் இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வாயால் ஒன்றும் சொல்லவேண்டாம். கேமரா ஓடட்டும், சத்தமும் ஓடட்டும். நான் ஒருவர் கையைப் பிடித்தால் அது எதற்காக என்று முத்தாத்தாளும் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.

துண்டு புதுசுதான் ஐயா. கையை இப்படி நீட்டுங்கள்.