செவ்வாய்க்கிழமைச் சட்டை

கடைக்காரர்: ...பழிவாங்குது டாக்டரம்மா, வேற ஒண்ணுமில்ல. இருபத்தஞ்சு வருஷமா குழாய்க்கடை வெச்சிருக்கேன். மூஞ்சியைப் பாத்தே ஆளை எடை போட்டுடுவேன். இந்தப் பூனை மூஞ்சியில இருக்கறது கலப்படமே இல்லாத வன்மம்.

டாக்டர்: கொஞ்சம் கையை எடுங்க, வயித்தைப் பாக்கணும்.

மனைவி: மெதுவா டாக்டர்... மைப்புட்டி, ஒண்ணுமில்லடா கண்ணு.

கடைக்காரர்: தலகாணி கிடக்கு, போர்வை கிடக்கு, அதையெல்லாம் தாண்டி வந்து என் சட்டையில மூத்திரம் போகுது. நாலு தடவை!

டாக்டர்: வயித்துல முடியே இல்லையே?

கடைக்காரர்: வயசாயிடுச்சு. எனக்கு மட்டும் உச்சந்தலையில இருக்கா என்ன?

டாக்டர்: உங்களுக்கு உதிர்ந்தது. இது நக்கி நக்கியே எடுத்திருக்கு.

மனைவி: ஐயோ! எந்நேரமும் நக்கித் துடைச்சுக்குது, எங்க பூனை மாதிரி சுத்தம் உண்டான்னு பெருமை பேசிட்டிருந்தேனே!

டாக்டர்: பயந்தா நாம நகம் கடிக்கறோம் இல்லையா, அந்த மாதிரிம்மா. சாப்பாடு?

மனைவி: பாதிதான். வாசல் மணி அடிச்சா பீரோ மேல ஏறிடுது. அப்புறம் யார் கூப்பிட்டாலும் இறங்காது.

டாக்டர்: சோதனை எல்லாம் பண்ணிட்டேன், நோய் எதுவும் இல்லை. இது பதட்டம்.

கடைக்காரர்: பதட்டமா! வேளாவேளைக்குச் சாப்பாடு, வாடகை கிடையாது, வரி கிடையாது... பதட்டம் எனக்கில்ல வரணும்?

மனைவி: இதை வெளிய தள்ளணும், அதுக்குத்தான் இவ்வளவு பாட்டும். எங்க பொண்ணு வளத்த பூனை டாக்டர். பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு அவ போய் ஒன்றரை வருஷமாச்சு. அந்த வீட்டு வாசப்படியை யாரும் மிதிக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டவர் இவர். இப்ப அவ விட்டுட்டுப் போன இதுவும் கண்ணுல படக்கூடாதாம்.

கடைக்காரர்: அதையெல்லாம் ஏன் இங்க... நல்ல இடமாப் பாத்து வெச்சிருக்கேன். இன்னிக்கே கொண்டுபோய் விட்டுடறேன்.

மனைவி: எந்த இடம்னு கேளுங்க, வாயைத் திறக்க மாட்டார்.

டாக்டர்: அந்தச் சட்டையைத் துவைக்காம கொண்டு வாங்கன்னு போன்லயே சொன்னேனே?

மனைவி: இதோ. செவ்வாய்க்கிழமைச் சட்டை. நாலு தடவையும் செவ்வாய்க்கிழமை போட்டதுதான்.

டாக்டர்: ம்... கைமடிப்புல பாருங்க. செங்கல் கலர்ல முடி. உங்க பூனை கறுப்பு.

மனைவி: ...என்னங்க?

கடைக்காரர்: சரக்கு மூட்டையில ஒட்டியிருக்கும்.

மனைவி: பித்தளைக் குழாய்க்கு முடி முளைக்குதா?

டாக்டர்: வேற பூனையோட வாசனை வீட்டுக்குள்ள வருது. அதை மறைக்கத்தான் இது தன் வாசனையைப் போடுது. வன்மமில்ல சார், பயம். தன் வீடு கைவிட்டுப் போயிடுமோன்னு.

மனைவி: மொத்த வியாபாரியைப் பாக்கப் போறேன்னுதானே சொல்வீங்க செவ்வாய்க்கிழமை! யார் வீடு அது? ஐம்பத்தெட்டு வயசுல...

கடைக்காரர்: கத்தாதே, பூனை பயப்படுது.

மனைவி: அடேங்கப்பா, இப்பதான் பூனை மேல பாசம் பொங்குது!

டாக்டர்: ஒரு நிமிஷம்மா... பூனையைச் சுத்தி எடுத்துட்டு வந்தீங்களே, இந்தச் சால்வை யாரோடது?

மனைவி: என்னோடது. ஏன்?

டாக்டர்: இதுலயும் அதே முடி. அதான் உள்ள வரும்போதே அப்படிக் கத்திட்டு வந்துது. இதுலயும் போயிருக்கா?

மனைவி: ஒரே ஒரு தடவை... அலசிப் போட்டுட்டேன்.

கடைக்காரர்: என்கிட்ட மூச்சு விடலையே! என்னிக்கு?

மனைவி: ...வெள்ளிக்கிழமை.

கடைக்காரர்: வெள்ளிக்கிழமை நீ தையல் வகுப்புக்கில்ல போறே?

மனைவி: அங்க ஒரு பூனை இருக்கு.

கடைக்காரர்: ஊசியில நூல் கோத்துக் குடுக்குதா?

டாக்டர்: சண்டையை வீட்ல வெச்சுக்குங்க. முதல்ல இதைத் திட்டறதை நிறுத்துங்க. ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி குடுங்க. அது மூத்திரம் போக மணல் தட்டு ரெண்டு வேணும், ஆள் நடமாட்டமில்லாத மூலையில.

கடைக்காரர்: ஒண்ணு பத்தாதா? சின்னப் பூனைதானே.

டாக்டர்: ரெண்டு.

கடைக்காரர்: பெரிய தட்டா ஒண்ணு?

டாக்டர்: ரெண்டு சார். இங்க பேரம் கிடையாது. வெளிய போயிட்டு வந்தா துணி மாத்தி, கை கழுவிட்டுத் தொடுங்க. அந்தப் பூனை படுக்கற துணி ஒண்ணு கொண்டு வந்து, முதல்ல தூரத்துல போடுங்க. நாளாக ஆக, சாப்பாட்டுத் தட்டுப் பக்கமா நகத்துங்க. வாசனை பழகிடும். இப்ப இடம் மாத்தினா மட்டும் மோசமாயிடும்.

மனைவி: கேட்டீங்களா? இது எங்கயும் போகாது.

கடைக்காரர்: ...சரி, இருக்கட்டும்.

டாக்டர்: அந்தப் பூனை ஆணா, பெண்ணா?

கடைக்காரர்: ஆண். தடியன். ஒரு காது கிழிஞ்சிருக்கும்...

மனைவி: ...இடது காதா?

கடைக்காரர்: ஆமா, இட... உனக்கெப்படித் தெரியும்?

மனைவி: 'மேனேஜர்'னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்குமா?

கடைக்காரர்: அடிப்பாவி!

டாக்டர்: யாராவது ஒருத்தர் சொல்லுங்க. யார் வீட்டுப் பூனை அது?

மனைவி: எங்க பொண்ணு வீட்டுது டாக்டர். வெள்ளிக்கிழமை வாம்மா, செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம், குழாய் ரிப்பேர்காரர் வருவார்னு அவ சொன்னா. குழாய்க்கடைக்காரர் பொண்டாட்டி நான்... வாராவாரம் அப்படி என்னடி ரிப்பேருன்னு ஒரு வார்த்தை கேக்கலையே!

கடைக்காரர்: மைப்புட்டி எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. அவகிட்டயே விடலாம்னுதான்... குழாய் நல்லாத்தான் இருக்குடி. அந்த ரிப்பேர்காரன் நான்தான்.